சங்கு ஊதினால் ஒரு ஸ்பூன்

குப்பம்மா கையிலிருந்த ஸ்பூனை விடவே இல்லை.

ராபர்ட்சன்பேட்டை கால்நடை ஆஸ்பத்திரியில், பினாயில் வாசனை அடிக்கும் சிமெண்ட் மேடைமேல் அவள் வீட்டு நாய் ரோஸி கிடந்தாள். அடித்துப் போட்டாற்போன்ற தூக்கம். வாய் ஓரத்தில் மருந்து வழிந்து பழுப்பாகக் காய்ந்திருந்தது. டாக்டர் பசவராஜ் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். அவர் விரலை எடுத்த பிறகும் இமை மெதுவாகத்தான் மூடியது.

"எத்தனை தடவை குடுத்தீங்கம்மா?"

"சங்கு ஊதசொல்ல எல்லாம் குடுத்தேன் சாமி. பேப்பர்ல அப்டித்தானே போட்டுகீது."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். பேப்பரில் அப்படிப் போட்டவள் நான்தான்.

இந்தத் தொடரில் இதுவரை அப்பாவின் அச்சகத்தைப் பற்றியும், அங்கே வந்துபோன விசித்திர மனிதர்களைப் பற்றியும் சிரிக்கச் சிரிக்க எழுதிக்கொண்டிருந்தேன். டாக்டரைப் பற்றி எப்போது எழுதப் போகிறேன் என்று பழைய கோலார் தங்கவயல்காரர் ஒருவர் கார்டு போட்டுக் கேட்டிருக்கிறார். நானும் ஒவ்வொரு வாரமும் தப்பித்துத் தப்பித்துத்தான் ஓடினேன். இந்த வாரம் அகப்பட்டுக்கொண்டேன்.

துரைகள் விட்டுப்போன நாய்கள்

ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் அப்பாவுக்கு ஒரு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, மளிகைக்கடை நோட்டீஸ், சினிமா நோட்டீஸ் எல்லாம் அடித்து முடித்த மிச்ச நேரத்தில் எட்டுப் பக்கத்தில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை. வெள்ளிக்கிழமை அச்சாகி, சனிக்கிழமை காலை சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கெல்லாம் போய்விடும். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுப் புரூஃப் பார்க்க உட்கார்ந்தவள். கல்யாணம் ஆகும்வரை ஏதோ பார்க்கட்டும் என்று அப்பா விட்டுவைத்தார். வரன் எதுவும் சட்டென்று குதிராமல் போகவே, மூன்று நான்கு வருஷத்தில் பாதிப் பத்திரிகை என் கையெழுத்தாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. தங்கச் சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்ததும் வெள்ளைக்கார துரைகள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். பீங்கான் சாமானையெல்லாம் வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோனவர்கள், நாய்களை மட்டும் சமையல்காரர்களிடமும் தோட்டக்காரர்களிடமும் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்கள்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! தகரக் கூரை லைன் வீட்டு வாசலில் தொங்கு காது, பட்டு மயிர், குட்டைக் கால் என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசாக உட்கார்ந்திருக்கும். 'வா' என்றால் வராது. 'கம் ஹியர்' என்றால் வரும். கேழ்வரகுக் களியை முகர்ந்து பார்த்துவிட்டு, நம்மை ஏற இறங்கப் பார்க்கும்.

இதுகளை எப்படி வளர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ரயில் ஸ்டேஷன் பக்கத்து ஊரிகத்திலிருந்தும் ஆண்டர்சன்பேட்டையிலிருந்தும் பத்திரிகைக்குக் கடிதம் வர ஆரம்பித்தது. ரேஷன் அரிசியைப் பற்றி வந்த கடிதங்களைவிட நாயைப் பற்றி வந்தவை அதிகம். அப்பாவுக்கு ஒரே எரிச்சல். நான்தான் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரைப் போய்ப் பார்த்து, வாரம் ஒரு பக்கம் பதில் சொல்வீர்களா என்று கேட்டேன். அந்தப் பகுதிக்கு 'வாலாட்டும் பக்கம்' என்று பெயர் வைத்ததும் நானே.

கொத்தில்லா டாக்டர்

பசவராஜ் மலைநாட்டுப் பக்கத்துக் கன்னடக்காரர். ஒல்லி, உயரம், சட்டைப்பையில் எப்போதும் ஒரு பஞ்சுச் சுருள். தமிழ் பேச வரும், எழுத வராது. புதன்கிழமை மத்தியானம் சைக்கிளில் அச்சகத்துக்கு வருவார். நான் கடிதங்களைப் படிப்பேன், அவர் தமிழும் கன்னடமும் கலந்து பதில் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். பக்கத்தில் டிரெடில் மெஷின் தடதடவென்று ஓடும். அந்தச் சத்தத்தில் அவர் கொஞ்சம் கிட்டே குனிந்து பேச வேண்டியிருக்கும். அந்த மெஷினுக்கு நான் மனதுக்குள் எத்தனை முறை நன்றி சொல்லியிருக்கிறேன் என்று அப்பாவுக்குத் தெரியாது.

ஒவ்வொரு கடிதத்துக்கும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஹெசரு ஏனு? நாய்க்குப் பேரு என்ன?" கடிதத்தில் பெயர் இல்லை என்றால் முகம் வாடிவிடும்.

இன்னொரு பழக்கம், தெரியாததைத் தெரியாது என்பார். "கொத்தில்லா வசந்தா அவ்ரே. நேர்ல பார்த்தாத்தான் சொல்ல முடியும். அப்படியே எழுதுங்க." கொத்தில்லா என்றால் கன்னடத்தில் தெரியாது என்று அர்த்தம். வாரத்துக்கு இரண்டு பதிலாவது, 'தெரியாது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள்' என்றுதான் முடியும். ஊரில் அவருக்குக் கொத்தில்லா டாக்டர் என்றே பெயர் விழுந்துவிட்டது. தெரியாது என்று சொல்வதற்கு ஒரு டாக்டரா, அதைப் போடுவதற்கு ஒரு பத்திரிகையா என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வாலாட்டும் பக்கம் வந்த பிறகு பத்திரிகை கூடுதலாகத்தான் போயிற்று.

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கிளி சுரங்கத்துச் சங்கைப் போலவே ஊதப் பழகிவிட்டது. அது ஊதும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தூக்கைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு ஓடுகிறார், என்ன செய்யலாம் என்று ஒரு அம்மாள் எழுதியிருந்தாள். டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொத்தில்லா" என்றார் கடைசியில். நானும் சிரித்தேன். அச்சக மையும் அவர் கையிலிருந்த பினாயிலும் சேர்ந்த அந்த மத்தியான வாசனையை இன்றைக்கு யாராவது ஒரு சீசாவில் அடைத்துக் கொடுத்தால், கைவளையைக் கழற்றிக் கொடுத்துவிடுவேன்.

மூன்று சங்கு

குப்பம்மாவின் புருஷன் ஏழுமலை, பூமிக்கடியில் சுரங்க ஷாஃப்ட்டில் வேலை பார்த்தவர். அவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த தலைமுறை. ஒரு பங்களா சமையல்காரர் மூலமாக ரோஸி அவர் கைக்கு வந்தாள். பழுப்பும் வெள்ளையுமாக, தரையைத் தொடும் காதுகளோடு இருப்பாள். அவருக்கும் குப்பம்மாவுக்கும் குழந்தை இல்லை. அதனால் ரோஸிக்கு நடந்த உபசாரத்தை விவரிக்க வேண்டியதில்லை. தினமும் அவர் ஷிப்ட்டுக்குப் போகும்போது சுரங்கத்து கேட் வரைக்கும் ரோஸி கூடவே போய் விட்டுவிட்டு வருவாள்.

ஒருநாள் ரோஸிக்கு வலிப்பு வந்தது. ஏழுமலை எங்களுக்கு எழுதினார், டாக்டர் கூட்டிவரச் சொன்னார், பார்த்துவிட்டு ஒரு பாட்டில் மிக்ஸ்சர் கொடுத்தார். நரம்பை அமர்த்தித் தூங்கவைக்கும் மருந்து. அதே வியாதி இன்னும் சில நாய்களுக்கும் இருந்ததால் பத்திரிகையிலும் எழுதினோம். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்பூன் என்று டாக்டர் சொன்னார்.

நான் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். லைன் வீட்டில் யாரிடம் கடிகாரம் இருக்கிறது? எங்கள் ஊரில் உலை வைப்பதும் தண்ணீர் பிடிப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதும் ஷிப்ட் சங்கை வைத்துத்தான். ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட், மூன்று சங்கு. ஆகவே நான் எழுதினேன்: 'சங்கு ஊதும்போதெல்லாம் ஒரு ஸ்பூன் கொடுக்கவும்.'

படித்துக் காட்டினேன். டாக்டர் மேஜையைத் தட்டினார். "பஹள சென்னாகிதே! ரொம்ப நல்லாருக்கு! இது எனக்குத் தோணவே இல்லையே, வசந்தா."

அவ்ரே இல்லாமல் வெறும் வசந்தா. அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு விஷயம் எனக்கு மறந்தே போயிற்று. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு மறந்திருக்கக் கூடாத விஷயம் அது. சங்கு ஷிப்ட்டுக்கு மட்டும் ஊதுவதில்லை.

கேட் வாசலில்

அடுத்த சில வாரங்களில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். அச்சகத்தில் எழுத்துப் பெட்டிகள் எல்லாம் ஒரே சமயத்தில் கிலுகிலுவென்று ஆடின. எதிர்க் கடையில் பித்தளைச் செம்பு ஒன்று உருண்டு வீதிக்கு வந்தது. ஏர் பிளாஸ்ட். பூமிக்கடியில் பாறை வெடிப்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் சங்கு ஊத ஆரம்பித்தது. நின்றது. மறுபடியும் ஊதியது.

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜட்கா பிடித்துப் போனேன். கேட் வாசலில் நூறு பெண்களாவது இருந்திருப்பார்கள். யாரும் அழவில்லை. ஒவ்வொரு முறை ஆட்களைத் தூக்கி வரும் கேஜ் மேலே வரும் சத்தம் கேட்கும்போதும் எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பும். நடந்து வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மீட்பு ஆட்களை அழைக்க மறுபடி சங்கு ஊதும்.

கூட்டத்தின் ஓரத்தில், வேப்பமரத்தடியில் குப்பம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் ரோஸி. இடுப்பில் மருந்துப் பாட்டில், கையில் ஸ்பூன். நான் அவளைப் பார்த்தபோது மத்தியானமாகியிருந்தது. சங்கு ஊதியது. அவள் நிதானமாகப் பாட்டிலைத் திறந்து, ஒரு ஸ்பூன் ஊற்றி, நாயின் தொங்கிய வாயைப் பிளந்து உள்ளே விட்டாள்.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"அய்யோ, என்னம்மா செய்றீங்க! இது ஷிப்ட் சங்கு இல்லையே!"

அவள் என்னைக் கோபமாகப் பார்த்தாள். "எனுக்குத் தெரியாதா? இங்கியே பொறந்தவ நானு. இன்னா சங்குன்னு எனுக்குத் தெரியாதா?"

ரோஸியைத் தூக்கினேன். பட்டு மூட்டையைப் போலத் துவண்டு கிடந்தாள். குப்பம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி, "நீ போயிட்டு வாக்கா, நான் நிக்கிறேன், சேதி வந்தா ஆளனுப்புறேன்" என்று சொல்லித் தள்ளி அனுப்பினாள். ஜட்காவில் வரும் வழியெல்லாம் சங்கு பின்னாலேயே வந்தது.

விரல் விரலாக

டாக்டர் ரோஸியின் வாய்க்குள் குழாயை விட்டு வயிற்றைக் கழுவினார். கழுத்துத் தோலில் ஊசி போட்டார். கம்பளியைச் சுற்றினார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நாயின் மார்பில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிழைக்குமா என்று கேட்டேன்.

"கொத்தில்லா" என்றார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

வெளியே சங்கு ஊதியது. குப்பம்மா ஸ்பூனோடு எழுந்தாள். பாட்டிலை நான் எப்போதோ வாங்கி ஒளித்துவைத்துவிட்டேன். வெறும் ஸ்பூனோடு மேடைக்கு வந்து நின்றாள். டாக்டர் எழுந்து அவள் கையைப் பிடித்தார்.

"ஏம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"அவரு சொல்லிட்டுப் போனாரு சாமி. சங்கு ஊதினா குடு, மறந்துடாதேன்னு. தெனமும் அத்த சொல்லிட்டுத்தான் போவாரு. வந்ததும் மொதல்ல அத்தத்தான் கேப்பாரு, குடுத்தியான்னு. நான் குடுத்துகினே இருந்தா... வந்து கேப்பாரில்ல?"

டாக்டரின் முகத்தை நான் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன் என்று தோன்றுகிறது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஸ்பூனை எடுத்து, கழுவி, தன் மேஜை டிராயரில் வைத்தார். குப்பம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

மறுநாள் காலை, வழக்கமான ஷிப்ட் சங்கு வழக்கமான நேரத்தில் ஊதியபோது ரோஸியின் காது அசைந்தது. ஏழுமலை மத்தியானம் மேலே வந்தார். நடந்து வரவில்லை.

டாக்டரின் கையெழுத்து

அந்த வாரப் பத்திரிகையில் தவறை ஒப்புக்கொண்டு எழுத வேண்டும் என்றார் டாக்டர். நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் யார் பெயரில் என்பதில்தான் சண்டை. வாக்கியம் என்னுடையது, நான்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். மருந்து என்னுடையது, கேட்டுவிட்டு மேஜையைத் தட்டினவன் நான் என்றார். அன்றுவரை நாங்கள் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. கடைசியில் அவர் பெயரில்தான் வந்தது. 'சங்கை நம்பி மருந்து கொடுக்கச் சொன்னது என் தவறு. ஒரு நாளைக்கு மூன்று முறை மட்டும். சந்தேகம் இருந்தால் கொடுக்காமல் கொண்டு வாருங்கள்.'

இரண்டு மாதத்தில் அவருக்கு எங்கோ வடக்கே மாற்றல் உத்தரவு வந்தது. அந்தக் குறிப்பு காரணமா, இல்லை சாதாரண மாற்றல்தானா, எனக்குத் தெரியாது. அவரும் தெரியாது என்றார். ஆனால் அந்த ஒரு தடவை அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

ஊரிகம் ஸ்டேஷனில் வழியனுப்ப அப்பாவும் நானும் போனோம். பங்காரப்பேட்டை ரயில் வந்து நின்றது. ஒரு டிரங்குப் பெட்டி, சைக்கிள், அவ்வளவுதான் அவருடைய சாமான். அப்பா வெற்றிலை வாங்க நகர்ந்தார். எனக்குக் கிடைத்தது அந்த வெற்றிலை நேரம்தான். சொல்ல வேண்டியதை எத்தனையோ புதன்கிழமைகளாக மனதுக்குள் எழுதி, அடித்து, திருத்திப் புரூஃப் பார்த்துவைத்திருந்தேன். வாயிலிருந்து வந்தது, "கேள்விகளைத் தபாலில் அனுப்பட்டுமா?" என்பது மட்டும்.

"கண்டிப்பா அனுப்புங்க" என்றார். டிரங்குப் பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்பினார். "நாய் பேரு கேட்டு எழுதுங்க, மறக்காதீங்க."

அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று, நல்ல மனிதர், அவரோடு குறையில்லாமல் வாழ்ந்தேன். அது வேறு அத்தியாயம்.

கேள்விகள் வந்துகொண்டே இருந்தன

கொஞ்ச நாள் தபாலில் பதில் வந்தது. நீலக் கவருக்குள் அவருடைய சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து இருக்கும். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று. அப்புறம் நின்றுவிட்டது. நான் எழுதிய கடிதம் ஒன்று மேல்விலாசம் தெரியவில்லை என்று திரும்பி வந்தது.

வாலாட்டும் பக்கத்தை நான் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த புது டாக்டரிடம் சும்மா விசாரிப்பதுபோல விஷயத்தைக் கேட்டுவந்து, பழைய பெயரிலேயே பதில் எழுதினேன். 'டாக்டர் பசவராஜ் பதில்கள்' என்ற தலைப்பு எழுத்து அச்சில் கோத்தபடியே இருந்தது. அதை நான் கலைக்க விடவில்லை. பத்திரிகைக்காரி செய்யக்கூடிய காரியமா இது? இல்லைதான். அப்பாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் குப்பம்மா அச்சகத்துக்கு வந்தாள். கூடவே ரோஸி, முகமெல்லாம் நரைத்து. குப்பம்மாவுக்கு அப்போது பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயா வேலை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, அங்கே வாத்தியாரம்மா ஒருவர் வாராவாரம் பத்திரிகையைப் படித்துக் காட்டுவாராம்.

டாக்டர் உட்காரும் நாற்காலியில் ரோஸி ஏறிப் படுத்துக்கொண்டாள். குப்பம்மா நின்றபடியே கேட்டாள்.

"டாக்டரு பதில் எய்தறதில்ல தானேம்மா?"

"ஏன்? வாரா வாரம் வருதே" என்றேன்.

"வருது. கேட்டதுக்கெல்லாம் வருது. அவரு இருக்கசொல்ல வாரத்துக்கு ரெண்டாவது தெரியல, இட்டுகினு வாங்கன்னு வரும். இத்தினி மாசமா ஒரு கொத்தில்லா கூட காணோமே."

நான் குனிந்து எதிரே இருந்த வாலாட்டும் பக்கத்துப் புரூஃபைப் பார்த்தேன். எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"நான் ஏழு ஸ்பூன் குடுத்தேன்" என்றாள் குப்பம்மா. குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "அப்பால டாக்டரு கையிலேர்ந்து வாங்கி வெச்சாரு. நீ எத்தினி வாரமா குடுத்துகினு கீற?"

அவள் கையை நீட்டினாள். நான் புரூஃபைக் கொடுத்தேன். அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, என் தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்துவிட்டு, ரோஸியை அழைத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரம் வாலாட்டும் பக்கத்தில் மூன்று கேள்விகள் வந்தன. மூன்றிலும் நாயின் பெயர் இருந்தது. மூன்றுக்கும் கீழே ஒரே பதில்தான் போட்டேன்.

'டாக்டர் ஊரில் இல்லை.'